செயலாளர் கன்வர்ட் பண்ணிய வீடியோ

சைனிக்புரியில் எங்கள் அப்பார்ட்மென்ட்டிலிருந்து மனைவியின் ஸ்கூட்டர் நேற்று திருடுபோனது.

அசோசியேஷன் செயலாளர் கேமரா பதிவைப் பென்டிரைவில் தந்தார். எந்த லேப்டாப்பிலும் ஓடவில்லை.

"எதுக்கு டென்ஷன் சார்? நானே கன்வர்ட் பண்ணித் தர்றேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். ஐயா மாதாப்பூரில் ஐடி மேனேஜராம்.

இன்று காலை வாட்ஸ்அப்பில் வந்தது.

செக்யூரிட்டி அறை மானிட்டரில் பதிவை ஓடவிட்டு, அதைச் செல்போனில் படம் பிடித்திருக்கிறார். கன்வர்ட்டாம்!

திருடன் ஏதோ கறுப்பாக அசைகிறான். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், மானிட்டர் கண்ணாடியில் பளிச்சென்று பிரதிபலித்தபடி, பனியனும் டீ கப்புமாக நம் செயலாளர்.

"என்ன சார் இது?"

"ஓடுதுல்ல?"

"ஒரிஜினல் எங்கே?"

"அதான் கன்வர்ட் ஆயிடுச்சே. எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டுன்னு பென்டிரைவ், கேமரா மெஷின் ரெண்டுலயும் அழிச்சிட்டேன்."

இந்த மூளைக்கு மாதாமாதம் சம்பளம் வேறு தருகிறார்கள்.

வேறு வழியில்லாமல் அதையே போலீஸ் ஸ்டேஷனில் காட்டினேன். கான்ஸ்டபிள் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, பனியன்காரர் மீது விரலை வைத்தார்.

"இவன் எங்கே குடியிருக்கிறான்?" என்று தெலுங்கில் கேட்டார்.

ஃபிளாட் நம்பரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தப்பா?