உண்ணி கடித்த இடம் மரத்துப்போனபோது

அன்பானவர்களே, 1958 மாசியில் என் இடது காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு புண் வந்தது. புளியங்கொட்டை அளவுதான். ஆடி பிறந்தும் அது ஆறவில்லை. அந்த மாதங்களில் நான் என் குழந்தையைத் தொடவே இல்லை.

அப்போது கோயமுத்தூரில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். பீளமேட்டில், மில்லுக்குப் பின்னால் வாடகை வீடு. மனைவி ஞானம்மாள், இரண்டு வயது மகள் கிரேஸ். மாட்டுச் சந்தையைப் பற்றி எழுத வெள்ளகோவில் பக்கம் போனவன், ஒரு தோட்டத்தில் ஆட்டுப்பட்டி ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலில் மூன்று உண்ணிகள். நகத்தால் கிள்ளித் திருகிப் பிய்த்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோலச் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்து அப்பினேன்.

இரண்டு கடி காய்ந்து உதிர்ந்தன. மூன்றாவது ஆறாமல் நின்றுவிட்டது. அரிக்கும். பொருக்குக் கட்டும். பொருக்கு விழுந்தால் அடியில் ஈரம். மறுபடி சுண்ணாம்பு வைப்பேன்.

ஒரு நாள் குண்டூசியால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். உறைக்கவில்லை. அழுத்தினேன். அப்போதும் உறைக்கவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். என் அப்பாவின் தங்கை சலோமி அத்தைக்குப் புறங்கையில் இப்படி ஓர் ஆறாத புண் இருந்தது. குஷ்டம் என்றார்கள். ஒரு காலையில் அத்தையை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அவர் படுத்த பாயை வாசலிலேயே கொளுத்தினார்கள். வண்டி திரும்பும்போது அத்தை என்னைப் பார்த்துக் கையாட்டினார். எனக்கு எட்டு வயது. நான் ஆட்டாதபடி யாரோ என் கையைப் பிடித்திருந்தார்கள். பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை.

அத்தை ஆட்டிய அந்தக் கை இப்போது என்னைத் தேடி வந்தது. உக்கடம் குளக்கரை வழியாகப் போனால், எதிரே முக்காடிட்டு வரும் பெண் அத்தையாகத் தெரிவாள். ஆபீசில் பேனாவைப் பிடிக்கும்போது, விரல்கள் ஒழுங்காக மடங்குகின்றனவா என்று பார்ப்பேன். வீட்டில் எனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் ஒதுக்கினேன். முன்னறையில் தனியாகப் படுத்தேன். கிரேஸ் கையை நீட்டிக்கொண்டு வருவாள். எழுந்து வெளியே போய்விடுவேன். கொஞ்ச நாளில் அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். விபத்துச் செய்தி எடுக்க ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகிறவன் நான். கம்பவுண்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் என்னைத் தெரியும். தோல் வியாதிக்காரர் பெஞ்சில் நான் உட்கார்ந்தால், சாயங்காலத்துக்குள் ஆபீசுக்குச் செய்தி வந்துவிடும். வேலை போகும், வீடு போகும், பிறகு வண்டி வரும். அதனால் சுகம் வேண்டி உபவாசமிருந்து ஜெபித்தேன். ஜெபித்து எழுந்ததும் சுண்ணாம்பு வைத்தேன். தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணினேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஞானம்மாள் வாய்விட்டு ஜெபிப்பது கேட்டது.

“ஆண்டவரே, அவுரு கால் மெதுவாக்கூட ஆறட்டும். அது என்னன்னு மட்டும் எங்களுக்குத் தெரியோணும். தெரியாம இந்த ஊட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கலீங்க, சாமி.”

அது என்னவென்று தெரிய வேண்டும் என்று அத்தனை மாதமும் நான் தேவனிடம் கேட்கவே இல்லை. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே மண்டியிட்டு “ஆமென்” என்றேன். அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, காதுல உளுந்துதா? அப்ப நாளைக்கே போலாம். நானும் வாரேன்.”

“ஞானம், அது குஷ்டமா இருந்துட்டா?”

அத்தையின் கதை அவளுக்குத் தெரியும். “இருந்தா இருக்கட்டுமுங்க. உங்களை வண்டியில ஏத்த எவன் வாரான்னு நானும் பாக்கறேன். மொதல்ல நானும் கிரேசும் ஏறி உக்காந்துக்கறோம்.”

மறுநாள் போனோம். தோல் டாக்டர் என்ன மருந்து போட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

“ஏனுங்க பேப்பர்க்காரரே, சுண்ணாம்பு வெச்சீங்க, பொகையிலை வெச்சீங்க. வெத்தலையும் பாக்கும் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

ஞானம்மாள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடச் சொல்லி, புண்ணைச் சுற்றிலும் பஞ்சு நுனியால் தொட்டார். தொட்ட இடமெல்லாம் தெரிந்தது. நடுவில் மட்டும் தெரியவில்லை.

“சுண்ணாம்புல வெந்து வெந்து அந்தத் தோல் செத்துப்போச்சுங்க. செத்த தோல்ல ஊசி எப்படி உறைக்கும்? இது குஷ்டமில்லீங்க. உண்ணியத் திருகிப் புடுங்கினீங்களா? அதோட வாய் உள்ளயே நிக்குது.”

மரக்க ஊசி போட்டு, சிறிதாக அறுத்து எடுத்தார். பஞ்சில் எள்முனை போல ஒரு கறுப்புத் துணுக்கு. அதைப் பார்த்ததும் அழுதேன்.

“அந்த வியாதிக்கும் இப்ப மாத்திரை இருக்குதுங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவரு மாத்திரை தின்னுட்டு மில்லு வேலைக்குப் போயிட்டிருக்காரு” என்றார் டாக்டர்.

அப்போது ஒன்று உறைத்தது. அத்தையின் கையை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. பார்த்ததும் முடிவு சொன்னதும் எங்கள் வீட்டார்தான். பிறகு நான் பல இடங்களில் விசாரித்தேன். அவர் எங்கே இறக்கிவிடப்பட்டார் என்று சொல்ல யாருமில்லை. அவருக்கு இருந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

என் கால் சில வாரத்தில் ஆறியது. ஆறின அன்று கிரேசைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோதுதான் அவளாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள். நான் சுகமடைந்த நாள் என்று அந்த நாளைத்தான் சொல்வேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன். உண்ணி கடித்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெல்ல நேராக இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டாம். அரிப்பும் சிறு தடிப்பும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். அதற்கு மேலும் ஆறாவிட்டாலோ, பெரிதாகிச் சீழ் வைத்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ, உடம்பில் வேறு இடங்களில் தடிப்போ, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கோ கண்டால் அன்றைக்கே போங்கள்.

என் ஜெபத்துக்கு அல்ல, என் மனைவியின் ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு புண்ணை மறைத்துக்கொண்டிருக்கலாம். உண்மை தெரிய வேண்டும் என்று அவருக்காகக் கர்த்தரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு டாக்டரிடம் புறப்படுங்கள். பயந்தவர் தனியாகப் போகமாட்டார்.