துக்க வீட்டில் வைத்த எண்ணெய்ச் சட்டி

கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகுதான் அன்னத்தாய்க்குச் சோமாசி என்ற பலகாரமே கைக்கு வந்தது. பிறந்தது மயிலாடும்பாறையில், அங்கே அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முறுக்கும் அதிரசமும்தான். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆதித்தன் வீட்டிலோ சோமாசி இல்லாமல் பண்டிகை விடியாது. முதல் வருஷம் அவள் மடித்துப் போட்டதெல்லாம் எண்ணெய்க்குள் வாயைப் பிளந்துகொண்டன. பூரணம் கொட்டிச் சட்டி கருகிப் போனது. அழுதுகொண்டு நின்றவளிடம் ஆதித்தன், "விடு, அடுத்த வருஷம் வாய மூடிக்கிரும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் கற்றுக்கொண்டாள்.

பிறகு அந்தத் தெருவே அவள் சோமாசிக்குக் காத்திருந்தது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் தீபாவளிக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரம் கொடுத்துவிடுவாள். டிசம்பரில் அது சோமாசியோடு திரும்பிப் போகும். பொரிகடலை மாவும் சீனியும் தேங்காயும் ஏலக்காயும் கலந்து வைத்தால், சின்னவள் மகிமா பாதியைத் திருடித் தின்பாள். மூத்தவன் வினோத்ராஜ் மடித்ததன் ஓரத்தைப் பல்சக்கரக் கரண்டியால் வெட்டிக் கொடுப்பான். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான்.

பிளஸ் ஒன் படிக்கையில், ஓர் அக்டோபர் மாதம், கூட்டாளிகளோடு வீரபாண்டிப் பக்கம் ஆற்றில் குளிக்கப் போனான் வினோத்ராஜ். மலையில் பெய்த மழைக்கு ஆறு கரை தொட்டு ஓடியது. மறுநாள் மத்தியானம் நாணலுக்குள் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு செத்துப்போனது. ஆதித்தன் கடையைத் திறந்தார், அடைத்தார். எட்டு வயசு மகிமா சாப்பாட்டை விட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள். ஒரு வாய் இறங்காது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். கவுனுக்குள் பிள்ளை வற்றிக்கொண்டே வந்தது.

வருஷத் துக்கம். ஸ்டார் கட்டவில்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. துக்க வீட்டுக்கு மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கிறிஸ்தவரானாலும் அந்த முறை அந்தத் தெருவில் மாறாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் மகிமா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, சோமாசி செஞ்சா சாப்புடுவேன்."

அண்ணன் போனதிலிருந்து அவளாகக் கேட்ட முதல் தீனி அது. அன்னத்தாய் எதையும் யோசிக்கவில்லை, மாவைப் பிசைந்தாள். ஓரம் வெட்டும் கரண்டியைக் கையால் தொட முடியாமல், விரலாலேயே அழுத்தி மூடினாள். சூடாக நாலு எடுத்துத் தட்டில் வைத்து, யார் கண்ணிலும் படாமல் தின்னட்டுமென்று பிள்ளையை மொட்டை மாடிக்கு அனுப்பினாள்.

எண்ணெய் வாசத்தை எந்தக் கதவு அடைக்கும்? ராக்கம்மாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏத்தா அன்னம், பிள்ளைய மண்ணுக்குக் குடுத்த ஈரம் காயல. சட்டி வச்சிருக்கியே?"

"சின்னது பட்டினி கெடக்குக்கா."

"அதுக்கு நாங்க இங்கன இல்லையா? கேட்டா செஞ்சு குடுக்க மாட்டமா?"

அன்னத்தாய் சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள். கேட்டிருக்கலாம்தான். தோன்றவில்லை.

சேதி கடைக்குப் போய்விட்டது. ஆதித்தன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்தார். அடுப்பை அணைத்தார். பூரணத்தையும் பொரித்து வைத்ததையும் அப்படியே வாரிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார்.

"எம் பிள்ள செத்ததுக்குப் பண்டிகையாடி கொண்டாடுற?"

எனக்கும் பிள்ளைதான் என்று சொல்ல வந்தது அவளுக்கு. அவர் கடைக்குத் திரும்பிப் போன பிறகு மகிமா காலித் தட்டோடு இறங்கி வந்தாள்.

"இன்னும் நாலு தாம்மா."

மிச்சமிருந்த மாவைத் திரட்டி, டப்பாவிலிருந்த வெறும் சீனியை வைத்து மடித்துப் பொரித்துக் கொடுத்தாள். அன்று ராத்திரி மகிமா சோறும் சாப்பிட்டாள்.

ராக்கம்மாளின் தூக்குவாளி அதன் பிறகு வரவில்லை. ஆதித்தன் வெகுகாலம் மனைவியோடு நேராகப் பேசவில்லை. "அம்மாட்டச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்லுவார். துக்கம் கழிந்தபின் அவள் வருஷாவருஷம் சோமாசி செய்தாள். அவர் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை.

மகிமா பிழைத்து, படித்து, கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குப் புருஷனோடு வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவனிடம் சொன்னாள்: "அண்ணன் போன வருஷங்கூட அம்மா எனக்குச் சோமாசி செஞ்சு தந்தாக. மாடியில வெயில்ல ஒக்காந்து தின்னேன். வெறுஞ் சீனி வச்சது ஒண்ணு தந்தாக பாருங்க, அந்த ருசி இப்ப வரைக்கும் வரல. எனக்கு ஞாபகத்துல இருக்கிற நல்ல கிறிஸ்மஸ் அதாங்க."

ஆதித்தன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.

"அப்படியா அத்தை?" என்றான் மருமகன்.

"ஆமா தம்பி" என்றாள் அன்னத்தாய்.

பிறகு வாசலுக்குப் போனாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அவ பொழச்சது அதுலதான்னு எனக்குத் தெரியும் அன்னம். ஆனா அவன் இல்லாத வீட்டுல அந்த வாசம் எனக்கு ஆகல. இன்னிக்கும் ஆகல."

"தெரியும்" என்றாள்.

உள்ளே மகிமா, ஊருக்குக் கொண்டுபோகச் சோமாசி வைக்க டப்பா எங்கே என்று கூப்பிட்டாள். அன்னத்தாய் எடுத்துக் கொடுக்கப் போனாள்.