நான்காவது புள்ளி

என் அக்காவின் கணவர் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். முப்பது வருடம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றவர். படகு கரைக்கு வரும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது எனக்கு ஒரு ஹெலிகாப்டரால்தான் தெரிந்தது.

ஹெலிகாப்டர் என்றால் ரிமோட்டில் பறப்பது. பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உள்ளே எண்ணெய் குடித்து ஓடும் நிஜ எஞ்சின். பழைய சாமான் கடையில் உடைந்து கிடந்ததை வாங்கி வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை என் பைக்கில் கட்டிக்கொண்டு வள்ளூர் தாண்டிப் போவோம். உப்புப் பூத்த வெட்டவெளி ஒன்று அங்கே இருந்தது. புல்கூடக் கிடையாது. காற்றில் எப்போதும் அனல்மின் நிலையச் சாம்பல்.

பறக்க வைப்பதற்கு முன்னால் திராட்டில் கர்வ் சரியாக அமைய வேண்டும். ரிமோட்டின் சின்னத் திரையில் ஒரு கோடு, அதில் ஐந்து புள்ளிகள். குச்சியை மேலே தள்ளத் தள்ள இறக்கைகள் சாய்ந்து அதிகக் காற்றை அள்ளும், எஞ்சினுக்குப் பாரம் ஏறும். எந்த இடத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் கொடுப்பது என்பதைத்தான் அந்தப் புள்ளிகள் சொல்கின்றன. குறைத்துக் கொடுத்தால் சுழற்சி தளர்ந்து வண்டி கீழே வரும். கூட்டிக் கொடுத்தால் எகிறும். சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் அமைக்க வேண்டும். சுழற்சியை அளக்கக் கருவி உண்டு. அவர் வாங்க மாட்டேன் என்றார்.

"காதுதான் கீதே, அப்புறம் இன்னாத்துக்கு மீட்டரு?"

முதல் மூன்று புள்ளிகள் சீக்கிரமே அமைந்துவிட்டன. நான்காவதில்தான் சிக்கல். மேலே ஏறும்போது எஞ்சினின் கூர்மையான ஓசை மெல்லச் சரிந்தது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சூப்பரா கீதா மச்சான்?"

"சத்தம் எறங்கற மாதிரி கீது மாமா."

"எங்க எறங்குது? நல்லா கேளு."

மூன்று முறை இறக்கி ஏற்றினார். மூன்று முறையும் சரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "ஆமா மாமா, சரியாத்தான் கீது," என்றேன்.

எண்ணெய் நிரப்ப அவர் குனிந்தபோது ரிமோட் என் கையில் இருந்தது. நான்காவது புள்ளியை எழுபதிலிருந்து எழுபத்தெட்டாக மாற்றினேன். அடுத்த முறை அது ஒரே சீராக மேலே போனது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் அவர் ஏதாவது மாற்றுவார், அவர் குனியும் நேரம் பார்த்து நான் திருத்துவேன். ஒருமுறை வைத்த எண்ணை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் படகு முதலாளி என் எதிரிலேயே அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, முன்ன மாதிரி காது கேக்குதில்ல? பசங்க ஒரு மாதிரி சொல்றானுங்க."

"ஹெலிகாப்டரே காதால செட் பண்றேன். இவன கேளு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் மாமாவும் கூடப் போயிருந்தபோது நடுக்கடலில் கியர்பாக்ஸ் பேரிங் இறுகிப் படகு நின்றுவிட்டது. கரையை விட்டதிலிருந்தே கீச்சென்று ஏதோ கேட்கிறது என்று ஓர் ஆள் சொல்லியிருக்கிறான். "நான் கேட்டுட்டேன், ஒண்ணும் இல்ல," என்றிருக்கிறார் மாமா. இன்னொரு படகு இழுத்து வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். கையில் ரிமோட்.

"நாலாவது நான் எழுபதுதான வச்சேன். இதுல எழுபத்தெட்டு கீது. நீயா?"

"ஆமா மாமா."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

அவர் திட்டவில்லை. ரிமோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, "நீ சொல்லியிருந்தா நான் போட்டு வேலைக்குப் போயிருக்க மாட்டேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

அக்காதான் என்னை அனுப்பினாள். "வூட்ல ஒருத்தரோடயும் பேசறதில்ல. காது டாக்டர்கிட்ட நீ கூட்டிக்கினு போனா வருவாரு." ஆஸ்பத்திரிக்கு வந்தார், வழியெல்லாம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்க வேண்டும். நான் வெளியே நின்றேன். சோதனை செய்யும் பெண் சத்தம் அனுப்பும் கருவியை இன்னும் தொடவே இல்லை. அவர் அமுக்கினார். சற்று நேரத்தில் மறுபடி அமுக்கினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் அவரிடம்தான் பேசினார், ஆனாலும் பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பஸ் ஸ்டாப்பில், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

மெல்லிய ஓசைகள் இரண்டு காதிலும் போய்விட்டன, திரும்ப வராது, மிச்சமும் குறையலாம் என்று சொன்னேன். அதே நேரம் வரிசையாக கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் என் வாயைப் பார்த்தார்.

"கேக்கல. திருப்பிச் சொல்லு."

நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.