தர்ஃபா அக்கா மாடிக்கு ஏற்றிய பாலைவனம்

என் அக்கா தர்ஃபா அமைச்சக வேலையை விட்ட அன்று, எங்கள் வீட்டுக்கு இழவு கேட்பதைப் போல ஆட்கள் வந்து போனார்கள். குவைத்தில் அரசு மேசையை விட்டுத் தானாக எழுந்து வந்த ஒருத்தியை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அந்த மேசையில் அவளுக்கு வேலையே கிடையாது என்பது வேறு விஷயம். காலையில் போய் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைப்பாள், தேநீர் குடிப்பாள், வந்துவிடுவாள். அதை விட்டுவிட்டு, பணக்காரர்களின் வீட்டுக்கு உள்ளலங்காரம் செய்யப் போகிறேன் என்றாள்.

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தும் எழுந்திருக்க முடியாதவள் நான். ஆகவே வீட்டு மானம் மொத்தமும் அவள் தலையில்தான் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஒரே ஒரு வீடு. அந்த ஆளு பாத்துட்டு சரின்னு வாங்கிக்கிட்டா, உன் வழி உனக்கு. வேணாம்னுட்டா மறுபேச்சு பேசாம மேசைக்குப் போயிடணும்."

அந்த ஒரே வீடு பூ ஜாஸிமுடையது, அதாவது ஜாஸிமின் அப்பாவுடையது; பெரியவர்களை மூத்த மகன் பேரைச் சொல்லித்தான் இங்கே கூப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வணிகம் செய்த குடும்பம். கடற்கரையை ஒட்டிய கோபுரத்தின் உச்சி மாடி முழுவதும் அவருக்குத்தான். ஒரு பக்கக் கண்ணாடியில் கடல், மறு பக்கத்தில் ஊருக்கு அப்பால் பாலைவனம். "சன்னல்ல என்ன தெரியுதோ, அது உள்ளயும் வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்காவின் கைப்பையைத் திறந்தால் உதட்டுச்சாயத்தோடு நாலைந்து மண் பொட்டலமும் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, சுவரில் தடவி, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கடல் பக்கத்து அறைக்கு, தண்ணீர் வற்றும்போது தெரியும் சேற்றின் நிறத்தில் தரை போட்டாள். பாலைவனப் பக்கத்தில் காற்று கோடு கிழித்த மணலைப் போலச் சுவர்ப் பூச்சு. புழுதிக்காற்று வருவதற்கு முன்பு வானம் ஒரு மாதிரி வெளுத்துக் கிடக்குமே, அந்த நிறத்தில் கூரை. அங்கே நின்றால் எனக்கு இருமல் வந்தது. அதைச் சொன்னேன். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு இல்லை போலிருக்கிறது, என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாலைவனம் தெரியும் மேற்குக் கண்ணாடியின் அடியில் நிஜப் பாலைவனமே வேண்டும் என்றாள். அப்பாவின் ஒட்டகப் பட்டியை ஒட்டிய நிலத்தை, மேல்தட்டு உடையாமல், அர்ஃபஜ் புதர்களோடு, ஆள் இடுப்பு ஆழத்துக்கு வெட்டி இரும்புத் தொட்டிகளில் வைத்து மேலே ஏற்றினாள். அது குளிர்காலம். புதர்கள் குச்சி குச்சியாக நின்றன. ஒப்படைக்கும் நாளில் அதில் மஞ்சள் பூ இருக்க வேண்டும் என்று, வசந்தம் வந்துவிட்டதாக மண்ணை ஏமாற்ற, இரவும் பகலும் சூட்டு விளக்கு போட்டாள். மண் நன்றாகவே ஏமாந்தது. பூ வந்தது.

ஒப்படைக்கும் அன்று நானும் போனேன். "கையைப் பாக்கெட்டை விட்டு எடுத்தே, கொன்னுடுவேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். சித்தியின் சாம்பிராணிப் பெட்டியில் நான் வெட்டுக்கிளி வைத்த கதை அவள் மனதில் இருந்திருக்கும்.

வேலையிடத்தில் அக்காவின் பேச்சே வேறு. நகரத்துக்காரர்களைப் போல வழுக்கி வழுக்கிப் பேசுவாள். பூ ஜாஸிம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி உம் ஜாஸிம் மேற்கு அறை சோபாவில் உட்கார்ந்து, மணலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதைப் பாத்தா போன வாரம் நடந்தது ஞாபகம் வருது. டிரைவர் வழி தப்பி ஜஹ்ராக்குள்ள போயிட்டான். கண்ணாடியை ஏத்துடான்னேன். உடும்பு தின்னிங்க ஊராச்சே, நம்மளையும் வறுத்துடுவாங்க."

அக்கா சிரித்தாள்.

நாங்கள் ஜஹ்ரா, பாலைவனத்துக்காரர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முள்வால் உடும்பு பிடிக்கும், எனக்கு வால் மட்டும். அக்கா அந்த அம்மாளோடு சேர்ந்து, பல் தெரியச் சிரித்தாள். யாரோ என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பாக்கெட்டுக்குள் இருந்த என் கை அதுவாக முஷ்டியாகிவிட்டது.

அப்போது பெரிய புதரின் அடியில் மண் அசைந்தது.

முதலில் கொஞ்சம் மணல் சரிந்தது. பிறகு ஒரு மூக்கு. பிறகு, குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு விளக்குச் சூட்டில் விழித்துக்கொண்ட கொழுத்த முள்வால் உடும்பு ஒன்று, பாதிக் கண்ணைத் திறந்து, நாற்பதாவது மாடியிலிருந்து குவைத்தைப் பார்த்தது.

அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீயா?" என்று உதடு மட்டும் அசைந்தது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் எதுவும் செய்யவில்லை. அதை நம்ப வைக்க என்னிடம் ஒரு முகம்கூட இல்லை.

உடும்பு தொட்டியைத் தாண்டிப் பொத்தென்று தரையில் விழுந்தது. உம் ஜாஸிம் சோபா மேல் ஏறினாள். பூ ஜாஸிம் அவளுக்கு முன்பே ஏறியிருந்தார். உடும்பு நேராக அந்த சோபாவைப் பார்த்து ஓடியது, வாலைச் சுழற்றிக்கொண்டு, சீறிக்கொண்டு.

"நவுருங்கய்யா அந்தப் பக்கம்! காலைத் தூக்கு, காலைத் தூக்கு, உன்னைத்தான்."

இது என் அக்காவின் குரல். வழுக்கல் கிழுக்கல் ஒன்றும் இல்லாத பட்டிக் குரல். குதிகால் செருப்பை உதறிவிட்டு, அபாயா அங்கியை இடுப்பில் சொருகி, மண்டியிட்டு சோபாவின் அடியில் கைவிட்டு, கழுத்துக்குப் பின்னால் ஒரே பிடி. வெளியே இழுத்தபோது வால் அவள் மணிக்கட்டில் அடித்தது. ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

உம் ஜாஸிம்தான் சோபாவின் மேல் நின்றபடியே கேட்டாள். "இதை… இதை எப்படிப் பிடிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

டிவியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதற்குள் மூன்று பொய் தயாராக இருந்திருக்கும். அப்பா திரும்பிப் போகச் சொன்ன அமைச்சக மேசை அக்காவின் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன்.

"நாங்க ஜஹ்ரா" என்றாள். "எங்க வீட்ல சோறோட சாப்பிடுவோம். நீங்க கண்ணாடியை ஏத்தினீங்களே, அங்கருந்து மூணாவது தெரு."

உம் ஜாஸிமின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இந்த மண்ணை இன்னைக்கே அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

பூ ஜாஸிம் ஒவ்வொரு காலாக இறங்கினார். மணலில் குனிந்து, கால்தடங்களையும் நடுவில் வால் இழுத்த கோட்டையும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இது அந்தப் பூவுக்கு அடியிலயா இருந்துச்சு?"

"தூங்கிட்டு இருந்திருக்கு. நான்தான் விளக்கு போட்டு எழுப்பிட்டேன். தப்பு என்மேல."

"உள்ள வரணும்னு நான் கேட்டேன். நீ கொண்டுவந்துட்டே" என்றார். சோபாவின் அடியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு முன்னாடி ஒருத்தன் குடியேறிட்டான், நான் வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும். மண்ணு இருக்கட்டும். விளக்கை மட்டும் அணைச்சுடு."

"அப்ப இன்னொண்ணு வந்தா யாரு பிடிக்கிறது?" என்றாள் உம் ஜாஸிம். பிறகு அவளே, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "உன் நம்பரைக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

இறங்கும்போது லிஃப்டில் அக்கா அபாயாவுக்குள் உடும்பை அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். நடுவில் ஏறிய ஒருவர், அபாயாவிலிருந்து தொங்கிய வாலைப் பார்த்துவிட்டு, அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்.

மண்ணை வெட்டியெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய வளையில் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அப்பா எல்லாவற்றையும் கேட்டார்.

"நாம யாருன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சொன்னப்புறமும் வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டாரு."

அப்பா குவளையைக் கீழே வைத்தார். "அப்ப அந்த மேசையில வேற யாராவது உக்காந்து டீ குடிக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உடும்பு எங்க?"

"விட்டுட்டோம்."

"விட்டுட்டீங்களா?" அவர் வாய் திறந்தபடியே இருந்தது. "எவ்வளவு பெரிசு?"

நான் கையை விரித்துக் காட்டினேன். கொஞ்சம் கூடுதலாகவே விரித்துவிட்டேன். அப்பா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். அக்கா வாசலில் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.