பால் சொசைட்டியில் பதின்மூன்று பொட்டலங்கள்

போன வாரம் சட்னிக்கென்று பொட்டுக்கடலைப் பாக்கெட்டைப் பிரித்தேன். அந்த வறுத்த வாசனை மூக்கில் ஏறியதும் பின்னாலேயே பச்சைப் பாலின் வாசனையும் வந்துவிட்டது. வீட்டில் பால் காய்ச்சி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் வந்தது. பொட்டுக்கடலை, பச்சைப் பால், பிளீச்சிங் பவுடர் மூன்றும் எனக்கு ஒரே வாசனை. இதென்ன கூத்து என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பம் பக்கம் காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். நோயாளிகளின் வீடு தேடிப் போய், மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பழைய மொபெட், தோளில் ஒரு பை. கோம்பைக்குப் போகிற நாட்களில் மட்டும் பையில் நாலு பிஸ்கட் சேர்த்துக்கொள்வேன். நோயாளிக்கு அல்ல, நாய்களுக்கு. அந்த ஊர் நாய்களின் புகழ் உங்களுக்குத் தெரியாததா? போட்ட பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு செவலை இப்போதும் கனவில் வரும். எல்லாரும் என்னை நர்சம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

அந்தக் காலத்து மாத்திரை முறை வேறு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை ஒரு பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதி அனுப்புவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. பொறுப்பான ஒரு ஆள் முன்னால் விழுங்க வேண்டும். இருமல் நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று பாதியில் நிறுத்திவிட்டால், பிறகு வரும் நோய்க்கு அந்த மருந்தே கேட்காது. அதற்குத்தான் இந்தக் காவல்.

செல்வி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதுவல்ல. சுருளிப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரும் வேண்டாம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகள், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்து, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவள். அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஏலக்காய் மணக்கும். நோய் உறுதியான அன்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்சம்மா, இது வெளிய தெரிஞ்சா என்னைய ஜீப்புல ஏத்த மாட்டாக. பக்கத்துல உக்கார மாட்டாக. எம் மகளுக்கு நாளைக்கு ஒரு எடத்துலருந்து கேட்டு வரணும்ல?”

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதே ஊரில் முன்பு ஒருவரை மாட்டுக்கொட்டத்தில் தனியே படுக்கப்போட்டு, தட்டை எட்ட நின்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர் அங்கேயே செத்துப்போனார். மாத்திரை கொடுக்கும் ஆஸ்பத்திரியோ திறப்பதற்கு முன்பே இவள் மலையில் இருப்பாள். “நான் விடியக் காலம் வர்றேன்” என்றேன் வீராப்பாக. “நீங்க வந்து நின்னாலே ஊருக்குத் தெரிஞ்சுபோகும்” என்றாள். உண்மைதான். என் மொபெட் சத்தம் அடுத்த ஊர்வரை கேட்கும்.

யோசித்துப் பார்த்ததில், அந்த நேரத்தில் அந்த ஊரில் திறந்திருப்பது ஒரே இடம்தான். பால் சொசைட்டி. ஜீப்புகளும் அதன் வாசலில்தான் வந்து நிற்கும். செல்வியிடம் கேட்டுக்கொண்டு இரண்டே பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் சொசைட்டிச் செயலாளர் சுப்புராஜ். இன்னொருவர் மகளிர் குழுத் தலைவி பேச்சியம்மாள்.

சுப்புராஜ் பால் கேன்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டே கேட்டார். தரையில் அப்போதுதான் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். “பொட்டிய இங்கன வச்சுக்கிறதுல ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் புள்ள மட்டும் தனியா வந்து மாத்திர தின்னா, நாலாம் நாளு ஊரே கேக்குமே?”

பேச்சியம்மாள், “அப்ப எல்லாரும் தின்னா என்ன?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஜீப்பில் போகிற பெண்களும் பால் ஊற்ற வருகிற பெண்களுமாகக் குழுவில் இருந்த எல்லாருக்கும் ரத்தசோகை என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. “எந்திரிச்சா கண்ணு இருட்டுதுன்னு சொல்லாதவ எவ? எல்லாத்துக்கும் சத்து மாத்திர குடுங்க. அதுல இதும் ஒண்ணாப் போகட்டும்.”

எங்கள் டாக்டரம்மா இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வராமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி அறையிலேயே ஊசி குத்திப் பார்த்தோம். பேச்சியம்மாள் சொன்னதுதான் சரி. பன்னிரண்டு பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுப்புராஜ் உற்சாகத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் தருவதாக அறிவிக்க, பாலோடு சாப்பிட்டால் அந்தச் சத்து உடம்பில் சேராது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். “பால் சொசைட்டில உக்காந்துக்கிட்டுப் பச்சத் தண்ணியக் குடிக்கச் சொல்றீகளே” என்று சுப்புராஜ் பல நாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது இன்னொரு சிக்கல். மற்றவர்களுக்கு ஒரு மாத்திரை. செல்விக்கு ஏழு. பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாலும் யாராவது எட்டிப் பார்த்தால் முடிந்தது.

இந்த இடத்தில்தான் காதர் பாய் வருகிறார். கம்பத்தில் பலசரக்குக் கடை. அவர்கள் ஜமாத்தில் மருத்துவ உதவிக் குழு ஒன்று இருந்தது, அதற்கு அவர் பொறுப்பு. முதல் சில வாரம் செல்வி வேலைக்குப் போகக் கூடாது, மற்றவர்களுக்குத் தொற்றும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதற்கு உதவி கேட்டுத்தான் பாயிடம் போனேன். தங்கள் ஜமாத்து ஆட்கள்தானா, வேறு ஆட்களா என்று கேட்பாரோ என்று பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“பேரெல்லாம் வேணாம்மா. வீட்ல எத்தன பேரு சாப்புடுறாக? அத மட்டும் சொல்லு.”

அரிசியும் பருப்பும் முட்டையும் பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து செல்வி வீட்டுக்குப் போயின. பொட்டலச் சிக்கலையும் பெயர் சொல்லாமல் அவரிடமே சொன்னேன். சிரித்தபடி ஒரு சாக்கிலிருந்து பொட்டுக்கடலையை அள்ளிக் காட்டினார். “எல்லாப் பொட்டலத்துலயும் இத ரெண்டு கை போடு. வெல்லமும் வையி. எவுக பொட்டலத்துல என்ன இருக்குன்னு எவுகளுக்கும் தெரியாது.”

அப்படித்தான் பதின்மூன்று பொட்டலங்கள் தயாராயின. செல்வி வேலைக்குத் திரும்புகிறவரை அவளுடையது வீட்டுக்கே போயிற்று, பேச்சியம்மாள் முன்னால் விழுங்கினாள். பிறகு சொசைட்டி வாசல். பழைய செய்தித்தாளில் சுப்புராஜ் கட்டி வைப்பார். பெண்கள் வாங்கி, வாயில் கொட்டி, அண்ணாந்து தண்ணீர் குடித்து, கடலையை மென்றுகொண்டே ஜீப் ஏறுவார்கள். செல்வி பால் கேன்களுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அவள் விழுங்கியதும் சுப்புராஜ் அவளுடைய மாத்திரைக் கணக்கு அட்டையில் ஒரு கோடு போடுவார்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாளே செல்வி அலறிக்கொண்டு பேச்சியம்மாளிடம் ஓட, அவர் சொசைட்டி போனில் என்னைக் கூப்பிட்டு, “ஏத்தா, என்னத்தக் குடுத்துத் தொலச்ச?” என்று கத்தினார். உடனே மொபெட்டை மிதித்துக்கொண்டு போனேன். விளக்கிச் சொன்னதும், “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கேடு?” என்று கேட்டுவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்.

மூன்றாம் மாதம் செல்விக்கு இருமல் நின்றது, முகம் தெளிந்தது. அதோடு சொசைட்டிக்கு வருவதும் நின்றது. ஏலக்காய் பறிக்கும் காலம். இரண்டு வாரம் தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கிறாள் என்று தெரிய வந்தபோது நான்கு வேளை மாத்திரை தவறியிருந்தது. பாதியில் நிறுத்திவிடுவாளோ என்று நான் பயந்தது நடந்தேவிட்டது.

மேலே போக ஒரே வழி ஜீப். ஓட்டுநர் முருகேசன்தான் ஜீப் ஓட்டுநர் சங்கத்துக்கும் செயலாளர். செல்வி யாரிடமிருந்து இதை மறைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்தாளோ, அவர்தான். பொட்டலங்களை நீட்டி, “சத்து மாத்திரை, செல்விகிட்ட குடுத்துருங்க, உங்க முன்னாடியே சாப்பிடச் சொல்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவர் பொட்டலத்தைக் கையில் எடை பார்ப்பது போல வைத்துக்கொண்டிருந்தார்.

“சத்து மாத்திரைக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பதட்டம்? எங்க ஆத்தா இருமுன இருமல எட்டு மாசம் கேட்டவன் நான். அவுக பாதியில விட்டுட்டாக. போயிட்டாக. செல்வி எந்த இருமலு இருமுச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

மற்றப் பொட்டலங்களுக்கும் கையை நீட்டினார்.

“ஆரம்பத்துலருந்தே அதப் பின்னாடி ஓரமா உக்கார வச்சுத்தான் கூட்டிப் போறேன், காத்து வெளிய போற மாதிரி. லீவுல இருந்தப்ப அது எடத்துக்கு வேற ஆள ஏத்தல. குடுங்க. அது முழுங்குற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்.”

எடுக்கவில்லைதான். அவள் ஊர் திரும்புகிறவரை மாத்திரை நாளெல்லாம், தோட்டத்து ஆட்கள் தங்கும் லயத்து வாசலில் ஜீப்பை நிறுத்தி, ஹாரன் அடித்துக் கூப்பிட்டு, அவள் விழுங்கி வாயைத் திறந்து காட்டியபிறகுதான் கிளம்பியிருக்கிறார். முதல் நாள் அவர் கையில் பொட்டலத்தைப் பார்த்ததும் செல்வி அழுதுவிட்டாளாம். “ஏன் அழுகுற, ஒம் மக கல்யாணத்துக்கு நாந்தான் மாப்ள வீட்டாரக் கூட்டியாரணும். தின்னு” என்றாராம். இதை செல்விதான் பின்னால் சொன்னாள்.

தவறிய வேளைகளையும் சேர்த்து மாத்திரை முடிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மொபெட்டைச் சாவி போடாமலே மிதித்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சுப்புராஜ் போன் செய்தார். “பொட்டலம் கட்டி வச்சது அப்புடியே கெடக்கு. ஒருத்தரும் தொடல.”

ஓடிப்போய்ப் பேச்சியம்மாளைக் கேட்டேன்.

“அவ முடிச்சுட்டாள்ல. பெறகு எங்களுக்கு எதுக்கு?”

“அவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?”

“நா எதுக்குச் சொல்றேன்? கேனுக்குப் பின்னாடி ஒருத்தி மட்டும் செவுத்தப் பாத்து நின்னா, பன்னெண்டு பொம்பளைக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? மொத வாரமே தெரியும். ஒருத்தி வாயத் தொறக்கணுமே!”

மாட்டுக்கொட்டத்தில் ஒருவரைச் சாகவிட்டதும் இதே ஊர்தான். இதே பெண்களில் சிலர் அவருக்குத் தட்டைத் தள்ளிவிட்டவர்களாகவும் இருந்திருக்கலாம். எது அவர்களை மாற்றியது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இந்தமுறைதான் யாரோ ஒருவர் அவர்களுக்கும் செய்ய ஒரு வேலை கொடுத்தார்களோ என்னவோ. நான் செல்வியிடம் போய்ச் சொல்லக் கிளம்பினேன். பேச்சியம்மாள் என் பை வாரைப் பிடித்து நிறுத்தினார். “அவகிட்டச் சொல்லாத. தெரியலன்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்.” இன்றுவரை சொல்லவில்லை. (இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் விட்டதற்கு டாக்டரம்மா பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துத் திட்டியது தனிக்கதை.)

இப்போது மாத்திரை தினமும். எல்லா மருந்தையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம். நான் போனில் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இது நல்ல முறை, சந்தேகமே இல்லை. அன்றைய முறையில் எத்தனை பேரை அலையவிட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெயர் எழுதிய பெட்டிகள் போய்விட்டன. சொசைட்டி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. மெஷின் பாலை அளந்து சீட்டைத் துப்புகிறது, ஊற்றுகிறவர்கள் நிற்பதில்லை. பேச்சியம்மாள் இறந்தபிறகு அந்தக் குழுவும் கூடுவதில்லை.

போன மாதம் கூடலூரில் ஒரு பெண் நோயாளி. படித்தவள், செல்போன் கடையில் வேலை, தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. போனில் பாராட்டினேன்.

“கதவச் சாத்திட்டுத்தான் மேடம் போடுறேன். யாருக்கும் தெரியாது” என்றாள்.

“நல்லதும்மா” என்றேன். “உடம்புக்கு முடியாத அன்னைக்கு யாரக் கூப்பிடுவ?” என்று கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“உங்களத்தான் மேடம்” என்றாள்.