‘போடு’ என்றாள் ஸ்டெல்லா

எங்கள் மரக்காணத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், பங்கு இளைஞர்கள் சிலர் கொட்டகை கட்டி, அடிபட்ட நாய்களையும் மாடுகளையும் வைத்துப் பராமரிக்கிறார்கள். போன மாதம் உப்பளத்து வேலை முடிந்து திரும்பும்போது, நாய்களுக்குப் போடலாம் என்று மீன் தலைகளோடு உள்ளே போனேன். தோளில் உப்பு வாரும் பலகை.

ஒரு கறுப்பு நாய் உறுமிக்கொண்டு என்மேல் பாய்ந்தது. அங்கே நாய்களைக் கவனிக்கும் ஸ்டெல்லா, “போடுக்கா, போடு!” என்று கத்தினாள். அடிக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, பலகையை ஓங்கி அதன் மண்டையில் ஒரு போடு போட்டேன். ரத்தம் வழிய வழிய அது என் முழங்கையைக் கவ்விச் சதையைப் பிய்த்தது. ஸ்டெல்லா பலகையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்த பிறகுதான் விட்டது.

“கீழ போடத்தானேக்கா சொன்னேன்! எந்தப் பாவியோ இந்த மாதிரி பலகையால அடிச்சுத்தான் அதுக்கு ஒரு கண்ணே போச்சு” என்று அழுதாள்.

நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு நான் பிழைத்தேன், நாயும் பிழைத்துவிட்டது. இப்போதெல்லாம் பலகையை வேலிக்கு வெளியே சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மீன் தலையை முன்னால் வைத்தாலும் அது தொடுவதில்லை. மிச்சமிருக்கும் கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.