நாலு கொடுத்துப் பத்து வாங்கிய கதை

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளிடம் பத்துக் காசை வாங்கிக்கொண்டு நாலு காசைக் கொடுத்து அனுப்புகிறாராம். தையல்கடையில் பிறந்த பேச்சு. இஸ்திரிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்தக் காசில் டீச்சர் மாடிவீடே கட்டிவிட்டார்.

போய்ப் பார்த்தால் மாடி உண்மைதான். வாடகைக்கு ஒரே அறை. மழை வந்தால் ஒழுகும்; கட்டிலுக்கு இடம் பார்க்கும் முன் வாளிக்குத்தான் இடம் பார்க்க வேண்டும்.

பதினோரு வருடம் பெரிய கடையொன்றில் பில் போட்டவர் அவர். கல்லாவில் ஒரு காசு குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். நின்று நின்று கால் வீங்க, தபால் வழியில் படித்து, முப்பத்தாறு வயதில் தற்காலிக வேலை வாங்கினார். மாதக் கடைசியில் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கல்லாப்பெட்டி. அந்த நேரம் பார்த்துத்தான் வதந்திக்குக் கால் முளைத்தது.

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் கடை போடுவார். பிள்ளைகள் வீட்டுக் காசைக் கொண்டுவந்து பென்சில், அழிப்பான் வாங்கும். பிளாஸ்டிக் காசு அவருக்கு ஆகாது. "கையில கனம் தெரியாத காசு மனசுல எப்படி நிக்கும் மேடம்?" என்பார் தலைமையாசிரியையிடம்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, மகளையும் இழுத்துக்கொண்டு, தலைமையாசிரியை அறைக்கே வந்துவிட்டார்.

"ஆறு காசுக்காக வரலைங்க. நியாயத்துக்காக வந்தேன்."

அங்கே அழைக்கப்பட்டிருந்த டீச்சர் அந்தப் பிள்ளையிடம் குனிந்து கேட்டார். "செல்லம், உன் காசை யாரு மாத்தினது?"

"நான்தான். பேக்கரிக்காரர் பொண்ணுகிட்ட. ஒண்ணு குடு, நாலு தரேன்னா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாவம் டீச்சர், அவளுக்கு எண்ணவே தெரியலை."

தையல்காரர் அளவு நாடாவில் எதையோ தேடினார். தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப ரெண்டு மாசமா இவங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

திருட்டுப் பட்டம் போய்த் திறமையில்லை என்று வந்து நின்றது. டீச்சர் மேசைமேல் ஓர் அழிப்பானை வைத்தார்.

"இது அஞ்சு காசு. உன்கிட்ட இருக்கறதைக் குடுத்து வாங்கு."

நாலும் விழுந்தன. "ஒண்ணு குறையுதே," என்று டீச்சர் அவற்றைத் திருப்பித் தந்துவிட்டு, தம் பணப்பையிலிருந்து ஒரே ஒரு பத்துக் காசு நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். "இப்ப இதைக் குடு."

கொடுத்தாள். அழிப்பான் வந்தது. பின்னாலேயே ஒவ்வொன்றாக ஐந்து காசும் உள்ளங்கையில் விழுந்தன. கணக்குத் தவறிவிட்ட கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மிச்சம் எதுக்கு?"

"அந்த ஒண்ணுக்குள்ள பத்து இருக்கும்மா."

எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். நாலு விரலை மடக்கினாள். மிச்சத்தை மூக்கால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முன்பல் விழுந்த வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப அவ எனக்கு இன்னும் ஆறு தரணும்."

"கழித்தல் அடுத்த பருவத்துலதானே?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா மேடம்."

அவர் அலமாரியிலிருந்து டீச்சரின் கோப்பை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

வாசலில் தையல்காரர் தயங்கினார். "நீங்களே குடுத்துடுங்களேன் டீச்சர். ஆறு காசுதானே."

"குடுக்கலாம்ணே. குடுத்தா நான்தான் எடுத்தேன்னு ஆயிடும்."

அதனால் கடன் கடன்காரியிடமே நிற்கிறது. பேக்கரிக்காரர் மகள் அந்தப் பத்தில் வாங்கிய பலூன் அன்றே வெடித்துவிட்டது. வாரம் ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். "நாலையும் வாங்கும்போது அவ சிரிச்சுக்கிட்டேதானே வாங்கினா?" என்று வாதாடவும் செய்கிறாள். மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. இதுவரை ஒன்று வந்திருக்கிறது. ஐந்து பாக்கி.